படம் ஓடுதா, நீ ஓட்டுறியா? – டெக் டெமோ என்றால் என்ன

முன்னோருக்குச் செய்யும் படைப்புக்காகச் செட்டிநாட்டுப் பள்ளத்தூர் வீட்டைத் திறந்திருந்தோம். ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து நாள் மட்டும் சனம் நிறைகிற வீடு அது. சென்னையிலிருந்து வந்த அண்ணன் மகன் துணிமணியோடு பிஎஸ்5 (ப்ளேஸ்டேஷன் 5) என்கிற கேம் பெட்டியையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். வளவுப் பத்தியில், அதாவது நடுமுற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், தேக்குத் தூணைச் சுற்றி ஒயரை இழுத்து, ஒரு பழைய மரப்பெட்டியின் மேல் டிவியை நிறுத்தியாயிற்று. திரையில் ஒரு பெரிய நகரம். ஒரு கார், அதைத் துரத்தும் கார்கள், கண்ணாடி உடையும் சத்தம், நடுவே தெரிந்த ஹாலிவுட் முகம் ஒன்று.

என் ஆத்தா, அதாவது அவனுடைய அப்பத்தா, பாக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு கேட்டார்கள்: "ஏன்டா தம்பி, இது படம் ஓடுதா, இல்ல நீ ஓட்டுறியா?"

"இவ்வளவு நேரம் படம் மாதிரி தானா ஓடுச்சு அப்பத்தா. இந்தா, இப்ப நான் ஓட்டுறேன்."

எந்த நொடியில் மாறியது என்று எனக்கும் பிடிபடவில்லை. பிடிபடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். டெக் டெமோ என்றால் என்ன என்று யாராவது கேட்டால், இனி ஆத்தாவின் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன்.

அவன் ஓட்டியது 'தி மேட்ரிக்ஸ் அவேக்கன்ஸ்'. எபிக் கேம்ஸ் நிறுவனம் 2021 டிசம்பரில் பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் பெட்டிகளுக்கும் இலவசமாக வெளியிட்டது. 'மேட்ரிக்ஸ்' சினிமாவில் நடித்த கியானு ரீவ்ஸும் கேரி-ஆன் மாஸும் இதிலும் வருகிறார்கள். துரத்தல் முடிந்ததும் நகரத்தை நம் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகு கதை இல்லை, லெவல் இல்லை, ஜெயிப்பது தோற்பது எதுவும் இல்லை. சும்மா நடக்கலாம், பறக்கலாம், கார் ஓட்டலாம். "இதுல என்னடா விளையாடுறது?" என்று கேட்டால் பதில் கிடையாது. ஏனென்றால் இது கேமே இல்லை.

நம் ஊரில் கல்யாணத்துக்குச் சமையல் மாஸ்டரை அமர்த்துமுன் கொஞ்சம் பலகாரம் செய்துகாட்டச் சொல்லி ருசி பார்ப்பது உண்டு. அதுபோல, வரப்போகிற ஒரு கேமின் முதல் பகுதியை மட்டும் இலவசமாகத் தந்தால் அது கேம் டெமோ. டெக் டெமோ வேறு. அதில் பலகாரத்தை விற்கவில்லை, அடுப்பை விற்கிறார்கள். "இந்த அடுப்பில் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு பக்குவமாகச் சமைக்க முடியும் பார்" என்று காட்டுவதற்காகவே ஒரு சாப்பாட்டைச் செய்து வைக்கிறார்கள். அந்த அடுப்புக்குப் பெயர்தான் கேம் இன்ஜின்.

எந்த கேமை எடுத்தாலும் அடியில் சில வேலைகள் ஒன்றுதான். திரையில் படம் வரைய வேண்டும், பந்தை விட்டால் கீழே விழ வேண்டும், சுவரில் மோதினால் நிற்க வேண்டும், பொத்தானை அழுத்தினால் ஆள் குதிக்க வேண்டும், சத்தம் வர வேண்டும். இதையெல்லாம் ஒவ்வொரு கேமுக்கும் புதிதாக எழுதினால் விடியாது. மொத்தமாக எழுதி வைத்த மென்பொருள்தான் இன்ஜின். எபிக்கின் அன்ரியல் இன்ஜின் 1998-இல் 'அன்ரியல்' என்ற கேமோடு பிறந்தது. அதன் ஐந்தாம் பதிப்பைக் காட்டத்தான் மேட்ரிக்ஸ் டெமோ. இந்த இன்ஜினை எடுத்துக் கேம் செய்பவர், அந்தக் கேம் 10 லட்சம் டாலர் வருமானத்தைத் தாண்டினால், அதற்கு மேல் வருவதில் 5 சதவீதம் எபிக்குக்குத் தர வேண்டும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஆகவே டெமோவின் உண்மையான வாடிக்கையாளர் பள்ளத்தூர் வளவில் உட்கார்ந்திருக்கும் பையன் இல்லை. எங்கோ ஒரு ஸ்டூடியோவில் "அடுத்த கேமுக்கு எந்த இன்ஜின்?" என்று யோசித்துக்கொண்டிருப்பவர். நாம் கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்க்கிறோம். டெமோ என்பது விளம்பரம். இதை மறக்காமல் இருந்தால் பாதி ஏமாற்றம் மிச்சம்.

சரி, விளம்பரம் என்றால் வீடியோ போட்டால் போதுமே, எதற்குக் கையில் கொடுக்க வேண்டும்?

செட்டிநாட்டு வீட்டைத் தெருவில் நின்று பார்ப்பவருக்கு முகப்புதான் தெரியும். சுதைச் சிற்பம், வண்ணக் கண்ணாடி, பெரிய கதவு, நிலையில் மர வேலைப்பாடு. வீட்டுக்காரர் எதைக் காட்ட நினைக்கிறாரோ அதுதான் கண்ணில் படும். சாவியைக் கையில் கொடுத்து "போய்ப் பாருங்க" என்றால் கதை மாறிவிடும். வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி, அடுப்படி வரைக்கும் போவீர்கள். எந்த வளவறையில் ஓடு ஒழுகுகிறது, எந்தத் தூணில் கறையான் என்று தெரிந்துவிடும். வீடியோ முகப்பு, விளையாடத் தருகிற டெமோ சாவி. சாவியைக் கொடுப்பதற்குத் தைரியம் வேண்டும்.

அந்தத் தைரியம் இல்லாமல் நடந்ததும் உண்டு. 2005-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த இ3 என்ற கேம் கண்காட்சியில், அப்போது இன்னும் விற்பனைக்கு வராத பிஎஸ்3-க்காக 'கில்சோன்' தொடரின் அடுத்த கேம் என்று ஒரு வீடியோ காட்டப்பட்டது. பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அது பிஎஸ்3 வரைந்த படமே இல்லை, 'இப்படி வரவேண்டும்' என்ற இலக்காக முன்கூட்டியே கணினியில் செய்து வைத்த அனிமேஷன் என்பது பிறகு தெரிந்தது. கேம் வெளிவந்தது 2009-இல். அதே 2005 கண்காட்சியில் இன்னொரு கூத்து: ஸ்கொயர் எனிக்ஸ் என்ற கேம் நிறுவனம் தன் பழைய 'ஃபைனல் ஃபேன்டஸி 7' கேமின் தொடக்கக் காட்சியை பிஎஸ்3-இன் பலத்தைக் காட்டும் டெமோவாகப் புதிதாகச் செய்து போட்டது. ரசிகர்கள் "மறுபடி எடுக்கிறார்கள்!" என்று குதித்தார்கள். நிறுவனமோ அது டெமோ மட்டுமே என்றது. உண்மையான மறு ஆக்கம் 2020 ஏப்ரலில்தான் வந்தது, அதுவும் பிஎஸ்4-இல். அடுப்பைக் காட்டச் செய்த சாப்பாட்டைப் பந்தியில் பரிமாறுவார்கள் என்று 15 ஆண்டு இலை போட்டுக் காத்திருந்த கதை.

முன்கூட்டியே செய்த படத்துக்கும் ஆடும்போதே வரைகிற படத்துக்கும் என்ன பேதம்? நேரம்தான். சினிமாவுக்கு கிராபிக்ஸ் செய்பவர், ஒரே ஒரு ஃபிரேமை, அதாவது ஓடுகிற படத்தின் ஒரு தனிப் படத்தை, வரையக் கணினியை மணிக்கணக்கில் ஓடவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. கேமில் அப்படி முடியாது. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 33 மில்லி நொடி. 60 ஃபிரேம் என்றால் 16 சொச்சம். வீரன் இடப்பக்கம் திரும்புவானா வலப்பக்கம் திரும்புவானா என்று இன்ஜினுக்குத் தெரியாது. திரும்பின பிறகுதான் வரையவே தொடங்க முடியும்.

அந்த 33 மில்லி நொடியில் எவ்வளவு வேலை என்பதை எங்கள் ஊர் அளவையில் சொல்கிறேன். 4கே திரையில் 3840-க்கு 2160, அதாவது ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல் என்கிற நிறப்புள்ளிகள். ஒவ்வொரு பிக்சலையும் பத்து அங்குல ஆத்தங்குடிக் கல்லாக, எங்கள் பக்கத்து வண்ணத் தரைக்கல்லாக நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 57,60,000 சதுர அடித் தரை. 132 ஏக்கர். ஒவ்வொரு கல்லுக்கும் என்ன நிறம் என்று கணக்குப் போட்டு, அத்தனையையும் பதித்து, அடுத்த நொடிக்குள் எல்லாவற்றையும் பெயர்த்து முப்பது முறை புதிதாகப் பதிக்க வேண்டும். எந்தக் கொத்தனாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அதனால்தான் கேம் செய்பவர்கள் காலம் காலமாகச் சிக்கனக்காரர்கள். அவர்களுடைய சிக்கனம் என்னவென்று தெரிந்தால்தான் புதிய இன்ஜின் எதைக் காட்டிப் பெருமைப்படுகிறது என்பது விளங்கும்.

முதலில் உருவம். கணினியில் எல்லா உருவமும் முக்கோணங்களால் ஆனது. சுவர் என்றால் இரண்டு முக்கோணம் போதும். முகம் என்றால் ஆயிரக்கணக்கில் வேண்டும். 1990-களில் ஒரு கதாநாயகிக்கே சில நூறு முக்கோணம்தான் ஒதுக்கினார்கள். மூக்கு கத்திமுனை மாதிரி இருக்கும். பிறகு வசதி கூடினாலும் கணக்கு வழக்கு போகவில்லை. தூணில் இருக்கிற பூ வேலைப்பாட்டைச் செதுக்கக் கட்டுப்படியாகாது, எனவே மொழுமொழுவென்று ஒரு தூணைச் செய்து, மேலே வேலைப்பாட்டின் வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் ஒட்டிவிடுவார்கள். நேராகப் பார்த்தால் செதுக்கிய மாதிரியே இருக்கும். பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் ஓரம் வழுக்கென்று இருக்கும். இன்னொரு தந்திரம்: ஒரே தூணுக்கு நாலைந்து பிரதி. கிட்டே வந்தால் நல்ல பிரதி, தூரம் போனால் மட்டமான பிரதி. பழைய கேம்களில் நடக்க நடக்கத் தூரத்து மரம் திடீரென்று 'டபக்' என்று உருமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். பிரதியை மாற்றும்போது பிடிபட்டுவிடுகிற தருணம் அது.

அன்ரியல் 5 இந்த இடத்தில் நானைட் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. உருவத்தை 128 முக்கோணம் கொண்ட சின்னச் சின்னக் கொத்துகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கொத்துக்கும் நுணுக்கமானது, கொஞ்சம் தடித்தது, இன்னும் தடித்தது என்று அடுக்கு உண்டு. கேமரா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்து, கொத்து கொத்தாகத் தேவையான அளவு நுணுக்கத்தை மட்டும் எடுக்கிறது. ஒரே தூணில் நம் பக்கம் இருக்கிற பாதி நுணுக்கமாகவும் அந்தப் பக்கப் பாதி தடிப்பாகவும் இருக்கலாம். பிக்சலை விடச் சின்ன முக்கோணத்தை வரைந்து புண்ணியமில்லை என்பதுதான் சூத்திரம். 2020 மே மாதம் காட்டிய முதல் டெமோவில் 3 கோடியே 30 லட்சம் முக்கோணம் கொண்ட ஒரு சிலை வந்தது. பிறகு அதே சிலை ஏறக்குறைய 500 நிற்கிற ஒரு மண்டபம். மொத்தம் 1,600 கோடி முக்கோணத்துக்கு மேல். அவ்வளவையும் வரையவில்லை. ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 2 கோடியாகச் சுருக்கி வரைந்தது. சிற்பி கணக்குப் பார்க்காமல் செதுக்கலாம், சிக்கனத்தை இன்ஜின் பார்த்துக்கொள்ளும் என்பதே செய்தி.

அடுத்து வெளிச்சம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். எங்கள் வீட்டிலேயே பாடம் இருக்கிறது.

காலை பத்து மணிக்கு வளவில் வந்து உட்காருங்கள். மேலே திறந்த வானம். வெயில் நடுமுற்றத்தில் ஒரு பக்கமாக மட்டும் விழுகிறது. ஆனால் சுற்றிலும் இருக்கிற பத்தி இருட்டாக இல்லை. வெயில் நேரே படாத தூணும் தெரிகிறது, வளவறைக் கதவின் பூட்டும் தெரிகிறது. முற்றத்தில் விழுந்த வெளிச்சம் அங்கிருந்து சிதறிச் சுவரில் பட்டு, சுவரிலிருந்து உத்தரத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பி நம் மேல் விழுகிறது. இன்னும் உற்றுப் பார்த்தால், பத்தியில் சிவப்புக் கல் பதித்த இடத்துக்கு மேலே வெள்ளைச் சுவரின் அடிப்பாகம் லேசாகச் சிவந்திருக்கும். பெயின்ட் இல்லை அது. கல்லில் பட்ட வெளிச்சம் கல்லின் நிறத்தையும் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரில் போட்டிருக்கிறது.

இந்தச் சிவப்பை வரைவதுதான் கணினி கிராபிக்ஸின் நெடுநாள் தலைவலி. 1984-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், ஒரு சுவர் சிவப்பு, எதிர்ச்சுவர் நீலம், மற்றதெல்லாம் வெள்ளை என்று ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, வெள்ளைப் பரப்பில் அந்த நிறங்கள் கசிவதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஜேம்ஸ் கஜியா என்ற ஆய்வாளர் வெளிச்சத்தின் பயணம் முழுவதையும் ஒரே சமன்பாட்டில் எழுதினார். ஆக, வழி 1986-லேயே தெரியும். 33 மில்லி நொடியில் நடந்துமுடிக்கத்தான் கால் இல்லை.

எனவே கேம்காரர்கள் பழைய வைத்தியத்தைக் கையாண்டார்கள். வெளிச்சம் எங்கெங்கே சிதறும் என்பதை முன்கூட்டியே மெதுவாகக் கணக்கிட்டு, சுவரின் மேல் படமாக ஒட்டிவிடுவது. பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் கதவைச் சாத்தினாலும் அறையில் வெளிச்சம் அப்படியே நிற்கும். சூரியன் நகராது. வளவில் பத்து மணி வெயிலைப் படம் வரைந்து தரையில் ஒட்டிவிட்டு, மாலை வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி.

அன்ரியல் 5-இல் இதற்கு லூமன் என்று பெயர் வைத்து ஓர் ஏற்பாடு. ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சத்தின் எல்லாப் பயணத்தையும் அது கணக்கிடுவதில்லை. கொஞ்சம் கதிர்களை மட்டும் எய்து பார்க்கும். கணக்குக்காக உலகத்தை எளிமையாக்கிய ஒரு பிரதியைத் தனியே வைத்துக்கொள்ளும். போன ஃபிரேமில் கண்டதை இந்த ஃபிரேமில் கலந்துகொள்ளும். அதனால் ஆட்டத்தின் நடுவிலேயே சூரியனை நகர்த்தலாம். மேட்ரிக்ஸ் டெமோவில் அண்ணன் மகன் அதைத்தான் செய்தான். பொத்தானை அழுத்திச் சூரியனை இறக்கினான். தெருவின் நிறமே மாறியது. அந்த நகரத்தில் தெருவிளக்குகளுக்கென்று தனியாக ஒளிமூலம் வைக்கவே இல்லை; சூரியன், வானம், ஒளிரும் பரப்புகள், அவ்வளவுதான் என்கிறது எபிக். இரவில் ஏறக்குறைய முழு வெளிச்சமும் கட்டடங்களின் ஒளிரும் சன்னல்களிலிருந்து வருகிறது. காரைக்குடி ஆயிரம் சன்னல் வீட்டில் எல்லாச் சன்னலிலும் விளக்கு வைத்துத் தெருவை வெளிச்சமாக்குவதுபோல.

போன ஃபிரேமைக் கலந்துகொள்வதற்கு ஒரு விலையும் உண்டு. விளக்கைச் சட்டென்று அணைத்தால் வெளிச்சம் ஒரு கணம் தயங்கித்தான் போகும். வேகமாக நகர்கிறவற்றின் பின்னால் வாலாக ஏதோ இழுபடும். வீடியோவில் இதைக் காட்ட மாட்டார்கள். சாவி நம் கையில் இருந்தால் பார்த்துவிடலாம்.

மூன்றாவது சிக்கனத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 132 ஏக்கரையும் உண்மையில் யாரும் பதிப்பதில்லை. குறைந்த பிக்சலில் வரைந்து, முந்தைய ஃபிரேம்களின் தகவலை வைத்து 4கே-க்கு நிரவிக் கொள்கிறார்கள். 2020 டெமோ வரைந்தது பெரும்பாலும் 2160 வரி இல்லை, 1440 வரிதான். இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த செட்டிநாட்டுப் பூச்சுச் சுவரைத் தொட்டுப் பார்த்துப் பளிங்கு என்று நினைத்தவர்கள் உண்டு. சுண்ணாம்பைப் பளிங்காகக் காட்டுவதும் ஒரு கைவேலைதான்.

இப்போது சாவியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போகலாம்.

டெமோவில் என்ன இருக்கிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். என்ன இல்லை என்று பாருங்கள். 2020-இன் முதல் டெமோ பாறையும் குகையுமான இடம். 2021 மே மாதம் கணினியில் ஓட்டிப் பார்க்க எபிக் வெளியிட்ட 'வேலி ஆஃப் தி ஏன்ஷியன்ட்' மறுபடியும் பாறை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் பக்கத்துப் பாறைகளைப் படமெடுத்து உருவாக்கியது. 2021 டிசம்பரில் கான்கிரீட் நகரம். மூன்றிலும் அடர்ந்த காடு கிடையாது. தற்செயல் இல்லை. ஆரம்பத்தில் நானைட்டுக்கு அசையாத, ஊடுருவித் தெரியாத, கெட்டியான பொருள்தான் ஆகிவரும். பாறை ஆகும், சிலை ஆகும், கட்டடம் ஆகும். காற்றில் ஆடுகிற இலை ஆகாது. எனவே இலை இல்லாத ஊரில் படப்பிடிப்பு வைத்துக்கொண்டார்கள். இன்ஜின் வளர வளர இலையும் வந்தது. 2025 ஜூனில் 'விட்சர் 4' என்ற கேமின் பெயரில் காட்டிய அன்ரியல் டெமோவில் காடே கதாநாயகன், அதுவும் சாதாரண பிஎஸ்5-இல் நொடிக்கு 60 ஃபிரேம். ஆனால் அது கையில் கொடுக்காத டெமோ. செய்தவர்களே "இது டெக் டெமோ, கேம் அல்ல" என்று சொல்லிவிட்டார்கள். 2005 கற்றுக்கொடுத்த முன்னெச்சரிக்கை என்று வைத்துக்கொள்கிறேன்.

மேட்ரிக்ஸ் நகரத்துக்கு வருவோம். எபிக் தந்த கணக்குகள் மலைக்க வைக்கும்: 7,000 கட்டடம், நிறுத்தி வைத்த கார்கள் 45,073, நடைபாதையில் 35,000 பேர், 260 கிலோமீட்டர் சாலை. காரைக்குடி–மதுரை தூரத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்குச் சாலையை 5 கிலோமீட்டர் நீள நகரத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள். இத்தனையையும் ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைக்கவில்லை. விதிகளைச் சொல்லிக் கொடுத்து மென்பொருளையே அடுக்க வைத்தார்கள். வேகமாக ஓட்டினால் சில இடங்களில் 30 ஃபிரேமுக்கும் கீழே இறங்குகிறது. அண்ணன் மகனுக்கு அது தெரிந்தது, "சித்தப்பா, லேசா திக்குது பாருங்க" என்றான். எனக்கு அவன் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஆத்தாவுக்கோ ஃபிரேமும் தெரியாது, பிக்சலும் தெரியாது. ஒரு பெரிய கட்டடத்தின் முன்னால் ஆள் நின்றபோது, "உள்ள போடா, பாப்போம்" என்றார்கள்.

"கதவு தொறக்காது அப்பத்தா."

"சன்னல்ல நாற்காலி மேசையெல்லாம் தெரியுதே?"

தெரியும்தான். ஆனால் அங்கே அறை கிடையாது. கண்ணாடி ஒரு தட்டைப் பரப்பு. நாம் எந்தக் கோணத்தில் நின்று பார்க்கிறோமோ அதற்கேற்ப, உள்ளே அறை இருந்தால் எப்படித் தெரியுமோ அப்படி அந்தப் பரப்பிலேயே வரைந்து காட்டுகிறது. நகர்ந்தால் உள்ளே இருக்கிற சுவரும் நகர்வதுபோல் தெரியும். 2008-இல் யூஸ்ட் வான் டாங்கன் என்பவர் ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதிய உத்தியிலிருந்து வருகிற வழி இது. அதை நான் விளக்கி முடிப்பதற்குள் ஆத்தா, "அப்ப முகப்பு மட்டும் கட்டிட்டு வீட்டை விட்டுட்டான்" என்று சொல்லிவிட்டுப் பாக்கு வெட்டியைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

இதை வைத்து டெமோவை ஏமாற்று என்று முடிவு கட்ட வேண்டாம். எதற்காகக் கட்டியதோ அதற்கு அது போதும். கெட்டிக்காரத்தனமாகப் பார்ப்பது எப்படி என்றால், முதலில் கேமராவை வேகமாகச் சுழற்றுங்கள், படம் குழைகிறதா பாருங்கள். தண்ணீர், தலைமுடி, கைவிரல், இலை இவற்றின் பக்கத்தில் போங்கள். எந்த இன்ஜினுக்கும் வியர்க்கிற இடங்கள் அவை. நிலைக்கண்ணாடி இருந்தால் எதிரே நில்லுங்கள். எங்கள் வீட்டில் பெல்ஜியம் கண்ணாடி எதிரும் புதிருமாக இரண்டு மாட்டியிருக்கிறது. அந்தப் பத்தியை அப்படியே டெமோவாகச் செய்யச் சொன்னால் பல இன்ஜின்கள் திணறும் என்று எனக்குள் ஒரு குரூர ஆசை உண்டு. அப்புறம், டெமோவில் பார்த்தது கேமில் எப்போது வரும் என்று அவசரப்படாதீர்கள். நானைட்டும் லூமனும் முதலில் காட்டப்பட்டது 2020 மே. எபிக்கின் சொந்த கேமான 'ஃபோர்ட்நைட்'டிலேயே அவை நுழைந்தது 2022 டிசம்பரில்.

ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சங்கடம். மேட்ரிக்ஸ் டெமோவை 2022 ஜூலையில் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். முன்பே இறக்கி வைத்திருந்தவர்கள் தொடர்ந்து ஓட்டலாம். அண்ணன் மகன் அந்த வகை. மற்றவர்களுக்கு, மேட்ரிக்ஸ் பாத்திரங்களை நீக்கிவிட்டு நகரத்தை மட்டும் 'சிட்டி சாம்பிள்' என்று 2022 ஏப்ரலில், அன்ரியல் 5 முழுமையாக வெளிவந்த சமயத்தில், இலவசமாகக் கொடுத்திருக்கிறது எபிக். கனமான கணினி வேண்டும். 'வேலி ஆஃப் தி ஏன்ஷியன்ட்' இறக்கவே சுமார் 100 ஜிபி ஆகும். பள்ளத்தூரில் செல்போன் நெட்டை நம்பி அதைத் தொடங்காதீர்கள்.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அவன் விடவில்லை. கடைசியாக ஒரு பொத்தானை அழுத்தினான். கட்டடத்தின் நிறம், கண்ணாடி, வெளிச்சம் எல்லாம் மறைந்து, முழு நகரமும் பச்சையும் மஞ்சளும் ஊதாவுமாகத் துண்டு துண்டாக மாறிவிட்டது. நானைட் எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது என்று காட்டுகிற பார்வை அது. ஒவ்வொரு நிறமும் ஒரு கொத்து.

ஆத்தா நிமிர்ந்து பார்த்தார்கள். "இது என்னடா, ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக் கட்டடத்துல ஒட்டிப்புட்டான்?"

அவன் சிரித்துக்கொண்டே ஆளைச் சுவர்ப் பக்கமாக நடத்திக்கொண்டு போனான். போகப் போகத் துண்டுகள் உடைந்து உடைந்து பொடியாகிக்கொண்டே வந்தன.

"நில்லு, நில்லு. பின்னால போ." அவன் பின்னால் போனான். "இப்ப முன்னால வா." வந்தான். கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "கிட்டப் போனா கல்லு சின்னதாகுதுடா."